டேலியை எங்கிருந்தும் பலர் திறக்க: சிறு ஆபீஸுக்கு ரிமோட் டெஸ்க்டாப் சர்வர் அமைக்கும் முறை

எட்டிலிருந்து பதினைந்து பேர் வரை வேலை செய்யும் ஆடிட்டர் ஆபீஸ், ஏஜென்சி, ஜவுளிக் கணக்கு எழுதும் இடம் போன்றவற்றுக்காக இதை எழுதுகிறேன். டேலி, எக்செல், பில்லிங் மென்பொருள் எல்லாம் ஆபீஸில் ஒரே சர்வரில் இருக்கும். ஆட்கள் வீடு, குடோன், கிளை என்று எங்கிருந்தாலும் அதற்குள் நுழைந்து ஒரே நேரத்தில் வேலை செய்வார்கள். அதற்கான வழி விண்டோஸ் சர்வரின் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ், சுருக்கமாக ஆர்டிஎஸ்.

ஈரோட்டில் ஓர் ஆபீஸுக்கு இதை அமைத்து முடிப்பதற்குள் பட்ட பாடு கொஞ்சமல்ல. யூடியூப் வீடியோக்களில் "நெக்ஸ்ட், நெக்ஸ்ட், பினிஷ்" அழுத்துவதைக் காட்டுகிறார்கள். இதில் சுலபமான பகுதியே அதுதான். அரை நாளில் முடிந்துவிடும். லைசென்ஸ், இன்டர்நெட் வழி, பேக்கப் ஆகிய மூன்றில்தான் பணமும் நாளும் கரையும். ஆகவே சர்வர் பெட்டிக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் முதல் ஐந்து படிகளை முழுதாகப் படித்துவிடுங்கள்.

1. உங்களுக்கு இது தேவைதானா?

ஒருவர் மட்டும் இரவில் வீட்டிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டும் என்றால் சர்வர் வேண்டாம். விண்டோஸ் 11 ப்ரோவிலேயே ரிமோட் டெஸ்க்டாப் உண்டு. ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான். நீங்கள் உள்ளே போனால் ஆபீஸில் அதன் முன் உட்கார்ந்திருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். ஹோம் பதிப்பில் வெளியிலிருந்து உள்ளே வரும் இந்த வசதியே கிடையாது.

இந்த வரம்பை உடைக்க ஒரு பேட்ச் இருக்கிறது, இலவசம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். மைக்ரோசாப்டின் லைசென்ஸ் விதிக்கு அது முரண். அதோடு ஒவ்வொரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகும் அது நின்றுபோகும் வாய்ப்பு உண்டு. ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் 20-ஆம் தேதி காலையில் அது நின்றால் யாரிடமும் போய்க் கேட்க முடியாது.

இன்னொரு குறுக்குவழி: ஆபீஸ் கம்ப்யூட்டரின் டேலி டேட்டா போல்டரை விபிஎன் (இன்டர்நெட் வழியே ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போகும் பாதுகாப்பான பாதை) வழியாகப் பகிர்ந்து, வீட்டு லேப்டாப்பில் உள்ள டேலியில் திறப்பது. திறக்கும், ஆனால் ஆமை வேகம். நடுவில் இன்டர்நெட் துண்டித்தால் டேட்டா கெடவும் கூடும். ஆர்டிஎஸ்ஸில் டேட்டா சர்வரை விட்டு நகர்வதே இல்லை. திரையின் படமும் விசை, மவுஸ் அசைவுகளும் மட்டுமே போய் வரும். இணைப்பு அறுந்தாலும் உங்கள் டேலி அங்கே திறந்தபடியே இருக்கும்; மறுபடி நுழைந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பவர்கட்டும் பிராட்பேண்ட் தடங்கலும் பழகிப்போன நமக்கு இது பெரிய காரியம்.

2. லைசென்ஸ் கணக்கைப் போடுங்கள்

பாதிப் பேர் மாட்டிக்கொள்வது இந்தப் படியில்தான். நிதானமாகப் படியுங்கள்.

உங்களுக்கு மூன்று அடுக்கு லைசென்ஸ் வேண்டும். ஒன்று, விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு. இது ப்ராசஸர் கோர் கணக்கில் விற்கப்படும். உங்கள் சர்வரில் எட்டே கோர் இருந்தாலும் குறைந்தது 16 கோருக்கு வாங்கியாக வேண்டும். இரண்டு, ஆளுக்கு ஒரு விண்டோஸ் சர்வர் கேல் (CAL), அதாவது சர்வரைப் பயன்படுத்துவதற்கான அனுமதி உரிமம். மூன்று, ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைவதற்கென ஆளுக்கு ஒரு ஆர்டிஎஸ் கேல். டீலர் கொட்டேஷனில் "கேல் 10" என்று ஒரே வரி இருந்தால் அது எந்த கேல் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சர்வர் கேலை மட்டும் போட்டு விலையைக் குறைத்துக் காட்டும் கொட்டேஷன்கள் சகஜம்.

"விண்டோஸ் சர்வரில் இரண்டு பேர் சும்மாவே நுழையலாமே" என்று கேட்பீர்கள். நுழையலாம். ஆனால் அந்த இரண்டு இடமும் சர்வரைப் பராமரிப்பதற்கு மட்டுமே. கணக்கு எழுதுவதற்கு அல்ல. எசென்ஷியல்ஸ் பதிப்பு விலை குறைவு, கேலும் வேண்டாம் என்பதால் கை அங்கே போகும். இந்த வேலைக்கு அது உதவாது. செஷன் ஹோஸ்டாக, அதாவது பலர் நுழைந்து வேலை செய்யும் சர்வராகப் பயன்படுத்த அதற்கு ஆதரவு இல்லை.

அடுத்து, ஆர்டிஎஸ் கேலில் 'பர் யூசர்', 'பர் டிவைஸ்' என்று இரண்டு வகை. ஒருவரே ஆபீஸ் கம்ப்யூட்டர், வீட்டு லேப்டாப், போன் என்று மூன்றிலிருந்தும் நுழைவார் என்றால் பர் யூசர். ஒரே கம்ப்யூட்டரில் பகல் ஷிப்டுக்கு ஒருவர், இரவு ஷிப்டுக்கு ஒருவர் என்றால் பர் டிவைஸ். வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் இருக்கும் ஆபீஸுக்குப் பெரும்பாலும் பர் யூசர்தான் பொருந்தும்.

பர் யூசர் என்றவுடன் ஒரு நிபந்தனை கூடவே வருகிறது: சர்வர் ஒரு டொமைனில் (எல்லாருடைய கணக்குப் பெயர்களையும் பாஸ்வேர்டுகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) இருக்க வேண்டும். அந்த மைய நிர்வாகம் இல்லாத வெறும் ஒர்க்குரூப்பில் வைத்து பர் யூசர் முறையைத் தேர்ந்தெடுத்தால், 2019 மற்றும் அதற்குப் பிந்தைய சர்வர்களில், "லைசென்ஸில் சிக்கல், 60 நிமிடத்தில் துண்டிக்கப்படும்" என்ற எச்சரிக்கை வரும். சொன்னபடியே துண்டிக்கவும் செய்யும். காசு கொடுத்து வாங்கிய அசல் லைசென்ஸ் உள்ளே இருந்தாலும் இதே கதைதான். டீலர், சர்வீஸ் ஆள் யாருமே இதை முன்கூட்டிச் சொல்லவில்லை, நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள். ஒர்க்குரூப்பிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் பர் டிவைஸ்தான் வாங்க வேண்டும்.

டொமைனுக்கு இன்னொரு சர்வர் வாங்க வேண்டியதில்லை. ஒரு ஸ்டாண்டர்டு லைசென்ஸிலேயே இரண்டு விர்ச்சுவல் மெஷின் (ஒரே பெட்டிக்குள் தனித்தனியாக ஓடும் கம்ப்யூட்டர்கள்) ஓட்டும் உரிமை உண்டு. அடியில் அவற்றை ஓட்டும் விண்டோஸ் வசதியான ஹைப்பர்-வி மட்டும், அதன் மேல் ஒன்றில் டொமைனை நடத்தும் டொமைன் கன்ட்ரோலரும் லைசென்ஸ் சர்வரும், மற்றொன்றில் ஆட்கள் நுழையும் செஷன் ஹோஸ்ட். அடியில் இருக்கும் விண்டோஸில் வேறு எந்த வேலையும் வைக்கக் கூடாது; வைத்தால் அந்த உரிமையில் ஒன்று குறைந்துவிடும். டொமைன் கன்ட்ரோலரிலேயே ஆட்களை நுழைய விடும் அமைப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன், பாதுகாப்புக்கு நல்லதல்ல.

பதிப்பு எண்ணையும் கவனியுங்கள். 2022 கேல் வைத்து 2019 சர்வருக்குள் போகலாம். 2019 கேல் வைத்து 2022-க்குள் போக முடியாது. கேல்களை ஏற்றும் லைசென்ஸ் சர்வரும் கேலின் பதிப்புக்கு இணையாகவோ புதியதாகவோ இருப்பது நல்லது. பழைய பதிப்பு மலிவாகக் கிடைக்கிறதே என்று போகாதீர்கள். 2016-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2027 ஜனவரியோடு முடிகிறது. 2019-க்கு 2029 ஜனவரி வரை, 2022-க்கு 2031 அக்டோபர் வரை.

பெரிய பொறி 120 நாள் சலுகைக் காலம். ஆர்டிஎஸ் போட்டவுடன் லைசென்ஸ் இல்லாமலே எல்லாரும் நுழைய முடியும். "எல்லாம் ஓடுதே" என்று விட்டுவிடுவோம். 120 நாள் கழிந்த மறுநாள் காலை ஒருவரும் நுழைய முடியாது. அந்தக் கெடுவை ரிஜிஸ்ட்ரியில் அழித்து நீட்டிக்கும் வித்தையும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது லைசென்ஸ் மீறல்; கட்டணத்துக்கு வாடிக்கையாளர் கணக்கைப் பார்க்கும் ஆபீஸ் அதைச் செய்யவே கூடாது. ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய்க்கு "50 பேருக்கான ஆர்டிஎஸ் கேல்" என்று விற்பதும் அதே ரகம். அந்த விலைக்கு முறையான லைசென்ஸ் கிடைக்காது.

வேறு கம்பெனியின் ரிமோட் மென்பொருள் வாங்கினால் ஆர்டிஎஸ் கேல் தேவையில்லை என்றும் சிலர் சொல்வார்கள். விண்டோஸ் சர்வரின் திரையைப் பலருக்கு எந்தத் தொழில்நுட்பத்தில் கொடுத்தாலும் ஆர்டிஎஸ் கேல் வேண்டும் என்பதே மைக்ரோசாப்டின் விதி.

3. காகிதங்களைத் தயார் செய்யுங்கள்

கொட்டேஷன் கேட்கும்போதே இவற்றை ஒரு போல்டரில் ஸ்கேன் செய்து வைத்துவிடுங்கள்: ஜிஎஸ்டி பதிவுச் சான்று, நிறுவனத்தின் பான், ஆபீஸ் முகவரிச் சான்று (மின் கட்டண ரசீது அல்லது வாடகை ஒப்பந்தம்), கையெழுத்துப் போடுபவரின் ஆதார், லெட்டர்ஹெட், சீல். ஸ்டாட்டிக் ஐபி (மாறாத இன்டர்நெட் முகவரி) கேட்கும்போது இன்டர்நெட் கம்பெனி இவற்றைக் கேட்கும்.

மைக்ரோசாப்ட் லைசென்ஸ்களை ஆபீஸ் பெயரிலும் ஆபீஸ் மின்னஞ்சலிலும் மட்டுமே பதிவு செய்யச் சொல்லுங்கள். கேல்களை ஏற்றும்போது ஒப்பந்த எண்ணோ 25 எழுத்துச் சாவியோ கேட்கும். டீலர் அதை வாட்ஸப்பில் அனுப்பினால் பிரின்ட் எடுத்து இன்வாய்ஸோடு பைல் செய்யுங்கள்.

டேலிக்கும் இதே சோதனை. சீரியல் எண் கையில் இருந்தால் மட்டும் போதாது. லைசென்ஸை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட, பதிவான மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் வேண்டும். பல ஆபீஸ்களில் அந்த மின்னஞ்சல் முன்பு வேலை பார்த்த அக்கவுன்டன்டுடையதாகவோ, விற்றவருடையதாகவோ இருக்கும். மாற்ற நாளாகலாம், இப்போதே தொடங்குங்கள்.

4. செலவு

எங்களுக்கு வந்த கொட்டேஷன்களை வைத்து, பத்துப் பேருக்கு உத்தேசமாகச் சொல்கிறேன். ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். டவர் சர்வர் ஒன்றரை லட்சத்தைச் சுற்றி. விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு எண்பது, தொண்ணூறாயிரம். சர்வர் கேல் பத்துக்கு நாற்பதாயிரம். ஆர்டிஎஸ் கேல் பத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல். எல்லாவற்றின் மேலும் 18 சதவீத ஜிஎஸ்டி. பதிவு பெற்ற ஆபீஸ் என்றால் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம், அதனால் இன்வாய்ஸில் உங்கள் ஜிஎஸ்டி எண் சரியாக இருக்கிறதா பாருங்கள்.

டேலியில் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்ய டேலியின் சில்வர் பதிப்பு போதாது, கோல்டு வேண்டும். விலை சில்வரைப் போல மூன்று மடங்கு. எக்செல்லிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கடையில் வாங்கும் ஹோம் அண்ட் பிசினஸ் ஆபீஸை ஆர்டிஎஸ் சர்வரில் பயன்படுத்த முடியாது. மைக்ரோசாப்ட் 365 என்றால் பிசினஸ் ஸ்டாண்டர்டு செல்லாது. 'ஷேர்டு கம்ப்யூட்டர் ஆக்டிவேஷன்' உள்ள பிசினஸ் ப்ரீமியம் போன்ற திட்டம் வேண்டும். எக்செல் மேக்ரோ எதுவும் பயன்படுத்தாத ஆபீஸ் என்றால் லிப்ரே ஆபீஸ் இலவசம், வேலைக்கு ஆகும்.

இவ்வளவு முதல் போட முடியாதவர்கள் கிளவுட் சர்வரை மாத வாடகைக்கு எடுக்கலாம். அப்போது ஆர்டிஎஸ் லைசென்ஸையும் மாதக் கணக்கில் அவர்களிடமே எடுத்துவிடுங்கள். நீங்கள் வாங்கிய கேலை அங்கே கொண்டுபோக சாப்ட்வேர் அஷூரன்ஸ் என்ற மைக்ரோசாப்டின் கூடுதல் திட்டம் தேவை. சர்வர் மும்பை, சென்னை என்று இந்தியாவுக்குள் இருக்கும்படி தேர்ந்தெடுங்கள். காரணம் உண்டு: கம்பெனிகள் சட்டத்தின் கணக்கு விதிகளில் 2022 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி, கம்பெனியின் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் வைக்கப்பட வேண்டும். பிரைவேட் லிமிடெட் வாடிக்கையாளர்களின் கணக்கைப் பார்ப்பவர்கள் இதை விட முடியாது. சிங்கப்பூர் சர்வர் சில நூறு ரூபாய் குறைவு என்று போனால் பிறகு பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

5. இன்டர்நெட் வழியைச் சோதியுங்கள்

விளம்பரத்தில் 200 எம்பிபிஎஸ் என்று இருப்பதைப் பார்க்காதீர்கள். சர்வர் ஆபீஸில் இருந்தால் முக்கியம் அப்லோடு வேகம். எளிய வேலைக்கு ஆளுக்கு 1.5 எம்பிபிஎஸ், நடுத்தர வேலைக்கு 3 எம்பிபிஎஸ் என்று கணக்கிடுங்கள். பத்துப் பேருக்கு 30 அப்லோடு இருந்தால் நிம்மதி. காலை 11 மணிக்கு ஒருமுறை, மாலை 6 மணிக்கு ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

அடுத்தது, வெளியிலிருந்து உங்கள் ஆபீஸை அடைய முடியுமா என்பது. ரவுட்டரில் வான் (WAN) ஐபி என்று என்ன எண் காட்டுகிறது, 'வாட் இஸ் மை ஐபி' தளம் என்ன எண் காட்டுகிறது என்று ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தாலோ, ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினாலோ நீங்கள் பொது ஐபி இல்லாமல் பலரோடு பகிர்ந்த ஐபியில் இருக்கிறீர்கள். வீட்டு பைபர் திட்டங்களில் இது சகஜம். அப்படியென்றால் இரண்டு வழி. இன்டர்நெட் கம்பெனியிடம் தனிக் கட்டணம் கட்டி ஸ்டாட்டிக் ஐபி வாங்கலாம். விண்ணப்பம், காகிதச் சரிபார்ப்பு என்று ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுத் திட்டத்துக்குத் தர மாட்டோம், பிசினஸ் திட்டத்துக்கு மாறுங்கள் என்றும் சொல்லக்கூடும். இல்லையென்றால் டெயில்ஸ்கேல் போன்ற, ஸ்டாட்டிக் ஐபி தேவைப்படாத விபிஎன்.

6. பெட்டியும் மின்சாரமும்

பத்துப் பேருக்கு 32 ஜிபி ராம் போதும்: அடி விண்டோஸுக்கும் டொமைனுக்கும் 8 ஜிபி, மீதி செஷன் ஹோஸ்டுக்கு. டேலியும் எக்செல்லும் ஒரு பிரவுசரும் திறந்தால் ஆளுக்கு 2 ஜிபி பிடிக்கும். பிரவுசரில் இருபது டேப் திறப்பவர்கள் இருந்தால் 64 ஆக்குங்கள். ஹார்டு டிஸ்க் வேண்டாம், எஸ்எஸ்டி இரண்டு, ரெய்டு 1-இல். ஒன்று போனாலும் மற்றது ஓடும். பழைய ரேக் சர்வர்கள் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அவற்றின் மின்விசிறிச் சத்தத்தில் அதே அறையில் யாரும் உட்கார முடியாது.

யூபிஎஸ் ஆன்லைன் வகையாக இருக்கட்டும். முக்கியமாக, அதன் யூஎஸ்பி வயரைச் சர்வரில் செருகி, பேட்டரி தீரும் முன் சர்வர் தானாக ஒழுங்காக அணையும்படி அமையுங்கள். ரவுட்டரையும் பைபர் பெட்டியையும் அதே யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள். சர்வர் உயிரோடிருந்து ரவுட்டர் அணைந்தால் வீட்டில் இருப்பவர்களுக்குப் பயனில்லை.

7. நிறுவுதல்

ஹைப்பர்-வி, இரண்டு விர்ச்சுவல் மெஷின், முதலாவதில் ஆக்டிவ் டைரக்டரி (டொமைனை நடத்தும் சேவை), இரண்டாவதை டொமைனில் சேர்த்தல் என்று வரிசையாகப் போங்கள். பிறகு சர்வர் மேனேஜரில் செஷன் ஹோஸ்ட் மெஷினில் 'ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட்', டொமைன் மெஷினில் 'ரிமோட் டெஸ்க்டாப் லைசென்சிங்'.

லைசென்சிங் மேனேஜரைத் திறந்து முதலில் சர்வரை ஆக்டிவேட் செய்யுங்கள், அதன் பிறகே கேல்களை ஏற்ற முடியும். ஏற்றினால் மட்டும் முடிந்துவிடாது. செஷன் ஹோஸ்டுக்கு லைசென்ஸ் சர்வர் எது, முறை பர் யூசரா பர் டிவைஸா என்று குரூப் பாலிசியில் (விண்டோஸ் விதிகளை அமைக்கும் இடம்) இரண்டு இடத்தில் சொல்ல வேண்டும். ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட் பிரிவில் 'லைசென்சிங்' என்ற தலைப்பின் கீழ் இருக்கும். கடைசியாக 'ஆர்டி லைசென்சிங் டயக்னோசர்' திறந்து எச்சரிக்கை எதுவும் இல்லை என்று கண்ணால் பாருங்கள். இதை விட்டவர்கள்தான் 120-ஆம் நாள் மாட்டுகிறார்கள்.

அதே பாலிசியில் இன்னும் இரண்டு: ஒருவருக்கு ஒரு செஷன் மட்டும், துண்டித்துப் போன செஷனை மூன்று மணி நேரம் கழித்து மூடு. முதலாவது இல்லையென்றால் இணைப்பு அறுந்து திரும்பி வருபவருக்குப் புதுத் திரை திறந்து, பாதி எழுதிய வவுச்சர் வேறு செஷனில் தொங்கும். இரண்டாவதில் நேரத்தை ரொம்பக் குறைக்காதீர்கள். பத்து நிமிடம் என்று வைத்தால் பிராட்பேண்ட் தடங்கலின்போது திறந்திருக்கும் டேலியை அடித்து மூடிவிடும்.

8. டேலியும் மற்ற மென்பொருள்களும்

செஷன் ஹோஸ்டில் எந்த மென்பொருளைப் போடுவதற்கு முன்னும் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் 'சேஞ்ச் யூசர் /இன்ஸ்டால்' கட்டளை கொடுங்கள்; போட்டு முடித்ததும் 'சேஞ்ச் யூசர் /எக்ஸிகியூட்'. இது இல்லாமல் போட்ட சில பழைய பில்லிங் மென்பொருள்கள் அட்மினுக்கு மட்டும் ஓடும், மற்றவர்களுக்கு அமைப்புகள் காணாமல் போகும்.

டேலி லைசென்ஸைப் பழைய கம்ப்யூட்டரில் 'சரண்டர்' செய்து விடுவித்துவிட்டுத்தான் சர்வரில் ஆக்டிவேட் செய்ய வேண்டும். டேட்டாவைச் சி டிரைவில் வைக்காமல் தனி டிரைவில் வைத்து, டேலி பயன்படுத்துபவர்களுக்கென ஒரு குரூப் உருவாக்கி அதற்கு மட்டும் எழுதும் அனுமதி கொடுங்கள். "எல்லாருக்கும் அட்மின் கொடுத்தால் ஓடும்" என்று சொல்லும் சர்வீஸ் ஆளை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

முதல் வாரத்தில் உங்களிடம் வரும் கேள்விகளில் பாதி ஒன்றேதான். கலைவாணி என்று ஓர் அக்கவுன்டன்ட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். டேலியில் ஜிஎஸ்டிஆர்-1 ஜேசன் பைலை எக்ஸ்போர்ட் செய்கிறார். "எக்ஸ்போர்ட் ஆச்சு சார்" என்கிறார். தன் லேப்டாப் டெஸ்க்டாப்பில் தேடுகிறார், இல்லை. பைல் சர்வரில் இருக்கிறது! ஆளாளுக்கு இதை விளக்குவதைவிட, சர்வரில் 'அனுப்ப வேண்டியவை' என்று ஒரு போல்டர் வைத்து எக்ஸ்போர்ட் பாதையை அதற்கு மாற்றுங்கள். லேப்டாப்பின் டிரைவை செஷனுக்குள் காட்டும் வசதியும் உண்டு. ஆனால் அதைத் திறந்துவிட்டால் டேட்டா போல்டரையே யாரும் வீட்டுக்கு நகலெடுக்கலாம். யாருக்குத் தேவையோ அவருக்கு மட்டும் கொடுங்கள், காப்பி-பேஸ்ட்டுக்கும் அதே விதி.

9. பிரின்டர், டிஎஸ்சி டோக்கன், தமிழ்

பிரின்டர் பெரும்பாலும் தொல்லை தராது. 'ஈஸி பிரின்ட்' வழியாக வீட்டு பிரின்டர் செஷனில் தானே தெரியும். பழைய டாட் மேட்ரிக்ஸில் பில் அடிப்பவர்கள் மட்டும் அதன் டிரைவரைச் சர்வரிலும் போட்டுச் சோதியுங்கள்.

டிஜிட்டல் கையெழுத்து (டிஎஸ்சி) டோக்கனைச் சர்வரில் செருகிவிட்டால் எல்லாரும் பயன்படுத்தலாம் என்று நினைப்போம். நடக்காது. ரிமோட் செஷனுக்குள் இருப்பவருக்குச் சர்வரில் செருகிய டோக்கன் தெரியாது. அவர் முன்னால் இருக்கும் கம்ப்யூட்டரில் செருகியதுதான் தெரியும். அதற்கும் ரிமோட் டெஸ்க்டாப் அமைப்பில் ஸ்மார்ட் கார்டு பகிர்வை டிக் செய்து, டோக்கன் டிரைவரை இரண்டு பக்கமும் போட வேண்டும். என் யோசனை: கையெழுத்து வேலையைச் சர்வருக்குள் கொண்டுபோகவே வேண்டாம். டோக்கன் வைத்திருப்பவரின் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே நடக்கட்டும்.

தமிழில் தட்டச்சு செய்ய விசைப்பலகையைச் சர்வரில் சேருங்கள். சர்வர் 2022-இல் தமிழ்99 விண்டோஸோடே வருகிறது. லேப்டாப்பில் ஓடும் தட்டச்சு மென்பொருளை நம்பினால் செஷனுக்குள் எழுத்து சரியாக வராமல் போகலாம். பழைய லெட்டர்கள் பாமினி போன்ற எழுத்துருவில் இருந்தால் அந்த எழுத்துருவையும் சர்வரில் போடுங்கள், இல்லாவிட்டால் திரையில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் தெரியும்.

10. வாசலைப் பூட்டுங்கள்

ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் 3389 போர்ட்டை வெளியுலகுக்குத் திறந்துவிடாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். திறந்த சில மணி நேரத்திலேயே உலகின் எங்கெங்கிருந்தோ பாஸ்வேர்டு ஊகிக்கும் முயற்சிகள் தொடங்கிவிடும். ஈவன்ட் வியூவரில் செக்யூரிட்டி பதிவுகளில் 4625 என்ற எண்ணைத் தேடினால் தெரியும்: அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், டெஸ்ட், யூசர்1, அக்கவுன்ட்ஸ் என்று வரிசையாகப் பெயர் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருப்பார்கள். போர்ட் எண்ணை 3390, 50000 என்று மாற்றுவதும் காப்பாற்றாது. எல்லா எண்ணையும் ஸ்கேன் செய்கிறார்கள். பாஸ்வேர்டே தேவைப்படாமல் நுழையவிட்ட ப்ளூகீப் ஓட்டையும் 2019-இல் இந்த ரிமோட் டெஸ்க்டாப்பில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. உள்ளே வந்தவர்கள் செய்யும் முதல் வேலை டேலி டேட்டாவைப் பூட்டிப் பணம் கேட்பது.

பதிலாக விபிஎன். ரவுட்டரிலேயே வயர்கார்டு என்ற விபிஎன் வசதி இருந்தால் அதுவே போதும். மைக்ரோடிக் போன்ற ரவுட்டர்களில் ரவுட்டர்ஓஎஸ் 7 முதல் உண்டு. ஆளுக்கு ஒரு சாவிக் கோப்பு கொடுங்கள். லேப்டாப் தொலைந்தாலோ ஆள் வேலையை விட்டாலோ அந்த ஒரு சாவியை நீக்கினால் போதும். விபிஎன் போட முடியாத இடங்களுக்கு ஆர்டி கேட்வே இருக்கிறது, 443 போர்ட் வழியாக, சான்றிதழோடு. பத்துப் பேர் ஆபீஸுக்கு அதை அமைத்துப் பராமரிப்பது சற்று அதிக வேலை.

அதோடு ஐந்து முறை தவறினால் கணக்கு பூட்டிக்கொள்ளும்படி வையுங்கள். திரை திறக்கும் முன்பே பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் 'நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷன்' டிக்கை எடுக்காதீர்கள். ஆளுக்கு ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு. 'டேலி1, டேலி2' என்று பொதுப் பெயர் வைத்தால் யார் எதை அழித்தார் என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது, பர் யூசர் லைசென்ஸுக்கும் அது பொருந்தாது. பதிவுகளைக் குறைந்தது 180 நாள் வைத்திருங்கள். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவு அந்தக் கால அளவைச் சொல்கிறது. தாக்குதல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் அதில் உண்டு.

11. பேக்கப்

ரெய்டு பேக்கப் அல்ல. டேலியில் தவறுதலாக அழித்த கம்பெனி இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும்.

இரவு 11 மணிக்கு எல்லாச் செஷனையும் மூடும்படி முதலிலேயே ஊழியர்களிடம் சொல்லி நேரம் குறித்துவிடுங்கள். திறந்திருக்கும் டேலி டேட்டாவின் நகல் நம்பகமானதல்ல. பிறகு டேட்டா போல்டர் தினமும், முழு விர்ச்சுவல் மெஷின் வாரம் ஒருமுறை. வெளி ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிச் செருகுங்கள். ஒன்று எப்போதும் வயரிலிருந்து கழற்றப்பட்டு வேறு இடத்தில் இருக்கட்டும். செருகியே இருக்கும் டிஸ்க்கையும் ரான்சம்வேர் பூட்டிவிடும். மூன்றாவது நகல் இந்தியாவுக்குள் உள்ள கிளவுடில். ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்பதால் ஆண்டு முடிவு நகலைத் தனியே ஒதுக்கிவிடுங்கள்.

மாதம் ஒருமுறை ஏதேனும் ஒரு கம்பெனியை பேக்கப்பிலிருந்து வேறு போல்டரில் மீட்டு, டேலியில் திறந்து, பேலன்ஸ் ஷீட் தொகை ஒத்துப்போகிறதா பாருங்கள். "பேக்கப் வெற்றி" என்ற மின்னஞ்சல் இதற்கு ஈடாகாது.

12. எப்போது மாறுவது

கொட்டேஷன் கேட்பதிலிருந்து எல்லாரும் நுழையும் நாள் வரை ஒன்றரை மாதம் ஒதுக்குங்கள். அதில் ஸ்டாட்டிக் ஐபியும் டேலி மின்னஞ்சல் மாற்றமும்தான் இழுக்கும். இரண்டையும் முதல் நாளே தொடங்குங்கள். செப்டம்பர், மார்ச் மாதங்களில் கை வைக்காதீர்கள். மாதத்துக்குள் என்றால் ஜிஎஸ்டிஆர்-3பி முடிந்த 21-ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடைப்பட்ட ஒரு சனிக்கிழமை நல்லது. முதல் வாரம் இரண்டு பேரை மட்டும் நுழையச் சொல்லுங்கள், ஒருவர் ஆபீஸிலிருந்து, ஒருவர் வீட்டிலிருந்து. அடுத்த வாரம் மற்றவர்கள்.

பழைய டேலி கம்ப்யூட்டரை உடனே பார்மேட் செய்துவிடாதீர்கள். ஒரு மாதம் டேட்டாவோடு அப்படியே ஓரமாக வையுங்கள். யாரும் அதில் புதிதாக எழுதிவிடாமல் நெட்வொர்க் வயரை மட்டும் கழற்றிவிட்டு, மேலே தேதி எழுதி ஒட்டிவிடுங்கள்.